எய்யாத அம்பின் கணக்கு: வெண்வால் மானும் மரபு வில்லும்

1. கேள்வி

வட அமெரிக்காவின் காடுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும் வெண்வால் மான் வேட்டைக்குப் புறப்படுவோர் பல லட்சம் பேர். அவர்களுள் ஒரு சிறு பிரிவினர் தமக்குத் தாமே மூன்று தடைகளை விதித்துக்கொள்கின்றனர். அவர்கள் துப்பாக்கியைத் தொடுவதில்லை. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லை எடுப்பதில்லை. மரத்தில் பரண் அமைத்து, மான் வரும்வரை மேலே காத்திருப்பதும் இல்லை. எளிய வில் ஒன்றுடன் தரையில் இறங்கி, மான் இருக்கும் இடத்தை நோக்கி ஓசையின்றி நடந்து, இருபது கெஜத்துக்குள் நெருங்கிய பிறகே அம்பு விடுவது இவர்கள் முறை. பெரும்பாலான நாட்களில் அவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

இம்முறையை உயர்த்திப் பேசுவோர் இரண்டு வாதங்களை முன்வைக்கின்றனர். ஒன்று, இது மனிதகுலத்தின் ஆதி வேட்டைமுறை. மற்றொன்று, மானுக்குத் தப்பும் வாய்ப்பைக் கூடுதலாகத் தருவதால் இதுவே நியாயமான வேட்டை. எதிர்த்தரப்பு ஒரே வாதத்தால் இரண்டையும் மறுக்கிறது: வலுக்குறைந்த கருவியை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பவர் காயமுற்ற மான்களைக் காட்டில் விட்டுவருகிறார், ஆகவே இது நியாயம் என்ற பெயரில் நடக்கும் கொடுமை. இந்த வாதங்கள் சான்றுகளின் முன் எந்த அளவுக்கு நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பழகிய இந்திய வாசகருக்கு மான் வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் அது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்கு உட்பட்ட சட்டபூர்வமான செயல். 1900-ஐ ஒட்டி, சந்தைக்காக நடந்த வேட்டையாலும் காடழிப்பாலும் அந்நாட்டின் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் கீழே சரிந்திருந்தன. இன்று அவை ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடப்படுகின்றன. வேட்டைக் கட்டுப்பாடுகளும், வேட்டைக் கருவிகள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும் இந்த மீட்சிக்குத் துணைநின்றன. ஆகவே இனத்தின் அழிவு இங்கே பேசுபொருள் ஆகாது. ஒரு மனிதனுக்கும் அவன் எதிரே நிற்கும் ஒரு மானுக்கும் இடையிலான கணக்கே பேசுபொருள்.

2. முறையின் இயல்பு

பதுங்கி நடக்கும் வேட்டையில் நடப்பதை விட நிற்பதே அதிகம். இரண்டு மூன்று அடிகள் எடுத்துவைப்பது, ஒரு மரத்தை ஒட்டி நின்றுவிடுவது, கண்ணுக்கு எட்டும் இடம் முழுவதையும் துழாவுவது, பிறகு மீண்டும் இரண்டு அடிகள். ஒரு முழுக் காலைப்பொழுதில் சில நூறு கெஜம் கடந்தால் போதும். காய்ந்த சருகின்மேல் இரண்டு கால் மனிதன் சீரான தாளத்தில் நடக்கும் ஓசையை மான் எளிதில் அடையாளம் காண்கிறது. அதனால் தேர்ந்தவர்கள் அந்தத் தாளத்தை உடைத்து நடக்கிறார்கள். மழை ஓய்ந்து சருகு நனைந்திருக்கும் நாள், தூறலும் நிலையான காற்றும் உள்ள நாள் இதற்கு ஏற்றவை. காற்றில்லாத வறண்ட காலையில் இம்முறை ஏறக்குறைய பயனற்றது.

தேடும் கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். முழு மான் காட்சி தருவது அரிது. செங்குத்தான மரத்தண்டுகளுக்கு நடுவே கிடைக்கோடாகத் தெரியும் முதுகு, காதின் சிறு அசைவு, புதருக்குக் கீழே ஒரு கால், ஈரம் மின்னும் மூக்கு எனத் துண்டுதுண்டாகத்தான் அது அகப்படும்.

எதிராளியின் புலன்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். தலையின் பக்கவாட்டில் அமைந்த கண்களால் வெண்வால் மான் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 300 பாகையைக் காண்கிறது. 1992-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, அதன் விழித்திரையில் இரண்டு வகை நிற உணர்செல்களே உள்ளன என்பதை உறுதிசெய்தது. சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவதில் அது பின்தங்குகிறது. நீலத்தை நன்றாக உணர்கிறது. மங்கிய ஒளியிலும் அசைவை விடுவதில்லை. ஆனாலும் கண்ணைக் காட்டிலும் மூக்கையே அது நம்புகிறது. மனிதனைக் கண்ட மான் சில நேரம் தலையை ஏற்றி இறக்கி, முன்காலால் தரையைத் தட்டிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளப் பார்க்கும். மனித வாடையை முகர்ந்த மானுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு மறைந்துவிடும். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். இந்த ஒழுங்கை அறியாதவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் வீண்.

இவை எல்லாவற்றையும் வென்று நெருங்கிய பிறகும் ஒரு கண்டம் எஞ்சியிருக்கிறது. நாணை இழுக்கக் கை அசைந்தாக வேண்டும். காம்பவுண்ட் வில்லில் முழுவதும் இழுத்தபின் கப்பிகள் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும்; வேட்டையாடி மான் திரும்பும்வரை இழுத்த நாணுடன் பொறுத்திருக்கலாம். மரபு வில்லில் 45 அல்லது 50 பவுண்டு இழுவிசை முழுவதும் விரல்களிலும் முதுகுத் தசைகளிலும் இருக்கும். சில நொடிகளுக்கு மேல் தாங்கினால் குறி நடுங்கத் தொடங்கும். ஆகவே மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னே மறையும் கணத்தில், அல்லது அது குனிந்து மேயும் கணத்தில் இழுத்து, அதே மூச்சில் விட வேண்டும். பரண்மீது இருப்பவருக்கு உயரம் ஒரு திரை. தரையில் நிற்பவர் மானின் கண்மட்டத்திலேயே நிற்கிறார்.

3. பழமை என்னும் வாதம்

இம்முறையின் பழமையை எடுத்துரைப்போர் வழக்கமாக இஷியின் பெயரைச் சொல்கிறார்கள். யாஹி இனக்குழுவின் கடைசி மனிதராக அறியப்பட்ட அவர், 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே வெளிப்பட்டார். தம் மக்களில் பெரும்பாலோர் குடியேறிகளின் படுகொலைகளில் அழிந்த பின் எஞ்சியவர் அவர். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் பணியாற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, 1916-இல் காசநோயால் இறந்தார். அருகிலிருந்த மருத்துவமனையின் மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். போப் 1923-இல் வெளியிட்ட நூலிலிருந்தே அமெரிக்காவின் நவீன வில் வேட்டை பெருமளவுக்குக் கிளைத்தது.

போப் பதிவுசெய்த விவரங்கள் இக்கட்டுரைக்கு மிகவும் பயன்படுபவை. வேட்டைக்கு முந்தைய நாள் இஷி மீன் உண்பதில்லை, புகைப்பதில்லை. வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதே காரணம். மட்ரோன் மரத்தின் இளந்தழையை மடித்து உதடுகளுக்கிடையே வைத்து உறிஞ்சி, மான்குட்டி கத்துவதுபோல் ஒலியெழுப்பி மானை வரவழைப்பார். பதப்படுத்திய மான்தலையைத் தம் தலையில் அணிந்து புதருக்குப் பின்னிருந்து எட்டிப்பார்ப்பார். தொலைவில் வைத்த இலக்குப் பலகையில் அவருடைய குறி சாதாரணமானது என்றும், அருகிலுள்ள சிறு இலக்கில் தேர்ந்தது என்றும் போப் எழுதியிருக்கிறார். தூரத்திலிருந்து அடிப்பதற்கான திறனை இஷி வளர்த்துக்கொள்ளவில்லை. தூரத்தைக் குறைக்கும் திறனில்தான் அவர் கலை முழுவதும் அடங்கியிருந்தது.

ஆனால் இஷியிடமிருந்து இன்றைய மரபு வில்லாளர் வரை ஒரு நேர்கோடு வரைவது கடினம். இஷி வேட்டையாடியது மேற்குக் கரையின் கருவால் மானை. வெண்வால் மானை அன்று. போப் தம் வேட்டைகளில் யாஹி வில்லை விட்டு, ஆங்கிலேயர் பாணியில் யூ மரத்தாலான நெடுவில்லையும் எஃகு முனை அம்புகளையும் கைக்கொண்டார். அவருக்கு முன்பே மாரிஸ் தாம்சன் 1878-இல் வெளியிட்ட நூல் ஆங்கில நெடுவில்லின் மீது அமெரிக்கர்களுக்கு ஒரு மோகத்தை ஊட்டியிருந்தது. பதுங்கி நடக்கும் கலையை விரிவாக விளக்கி டி. எஸ். வான் டைக் 1882-இல் எழுதிய நூலோ துப்பாக்கி வேட்டையாடிகளுக்கானது. ஆக, மூன்று தனித்தனி மரபுகளின் இழைகள் இருபதாம் நூற்றாண்டில் ஒரே கயிறாக முறுக்கப்பட்டன.

கிழக்குக் காடுகளின் பூர்வகுடிகள் வெண்வால் மானை எப்படி வேட்டையாடினர்? மான்தோல் போர்த்தி நெருங்கிய தனி வேட்டையாடிகள் அவர்களிடையே இருந்தது உண்மை. ஆயினும் கூட்டாக விரட்டி வளைப்பதும் பெருவழக்காக இருந்தது. பிரெஞ்சுப் பயணி சாமுவேல் டி ஷாம்ப்ளேன் 1615-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஹியூரன் மக்களுடன் இருந்தபோது, மரக்கழிகளால் வேலியடைத்து, அதன் குறுகிய முனைக்குள் மான்களைத் துரத்திப் பிடிப்பதைக் கண்டார். 38 நாட்களில் 120 மான்கள் கிடைத்தன என்பது அவர் தரும் கணக்கு. குளிர்காலத்துக்கு இறைச்சியும் கொழுப்பும் தோலும் சேர்த்தாக வேண்டிய மக்களுக்குத் தனி ஒருவனின் நளினமான நடை போதுமானதன்று. வில்லும்கூட அக்காடுகளுக்குத் தாமதமாக வந்த கருவிதான். அது பரவலாகியது கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் மானை வீழ்த்தியது எறிகோலால் வீசப்பட்ட ஈட்டி.

'மரபு வில்' என்ற வகைப்பாடு இன்னும் இளையது. மிசூரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் கப்பி வில்லுக்கான காப்புரிமையை 1969 டிசம்பரில் பெற்றார். அதுவரை இருந்தவை வெறும் விற்கள். புதியது சந்தையைப் பிடித்தபின்தான் பழையவற்றைத் தனியே அடையாளப்படுத்தும் தேவை எழுந்தது. இன்று மரபு வில்லாகக் கருதப்படும் பலவற்றில் கண்ணாடி இழைப் பட்டைகள் உள்ளன. ஃபிரெட் பேர் போன்ற வில் தயாரிப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவலாக்கிய தொழில்நுட்பம் அது. இவற்றால் இம்முறை போலியாகிவிடவில்லை. ஆனால் பழமை என்ற வாதம் மட்டும் அதற்கு அரணாக நிற்காது. இது தேவையிலிருந்து வந்த முறையன்று. வேறு வழிகள் எல்லாம் கையில் இருந்தபோது தேர்ந்துகொள்ளப்பட்ட முறை.

4. நியாயம் என்னும் வாதம்

தேர்வு என்று வந்துவிட்டால் அதற்கு நெறிசார்ந்த விளக்கம் தேவைப்படுகிறது. 1887-இல் தியடோர் ரூசவெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் நியாயமான துரத்தல் என்ற கருத்தை வளர்த்தெடுத்தது. அன்று நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதியில் நாய்களை ஏவி மானை ஏரிக்குள் விரட்டிப் படகிலிருந்து கொல்வதும், இரவில் விளக்கொளியால் திகைக்கவைத்துச் சுடுவதும் வழக்கம். அவற்றைக் கண்டித்தவர்கள் பகலில் தனியே நடந்துபோய்ச் சுடுவதை உயர்ந்ததாகப் போற்றினர்.

இந்த நெறிக்கு ஒரு வர்க்க முகமும் உண்டு. வரலாற்றாசிரியர் கார்ல் ஜேக்கபி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்கள் அடிராண்டாக்கின் உள்ளூர் மக்களுடைய வாழ்வாதாரப் பழக்கங்களை எவ்வாறு குற்றங்களாக மாற்றின என்பதை விரிவாகக் காட்டுகிறது. இறைச்சிக்காக வேட்டையாடியவனுக்கு விரைவும் உறுதியும் முக்கியம். பொழுதுபோக்குக்காக வேட்டையாடியவனால்தான் கடினத்தை ஓர் அறமாக உயர்த்த முடிந்தது.

மெய்யியல் தளத்தில் இதற்கு வலுவான விளக்கம் தந்தவர் ஸ்பெயின் நாட்டுச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத். வேட்டை பற்றி 1942-இல் அவர் எழுதிய நூலின் வாதப்படி, மனிதன் தன் கருவிகளின் முழு ஆற்றலையும் பயன்படுத்தினால் வேட்டை என்ற உறவே அழிந்து வெறும் கொலை எஞ்சும். எனவே வேட்டையாடி தன் மேலாண்மைக்குத் தானே வரம்பு கட்டுகிறான். மரபு வில்லாளருக்கு இதைவிட உகந்த தத்துவம் கிடைக்காது.

ஆயினும் இவ்வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு. வேட்டையைக் கடினமாக்கும் தடைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிலவற்றின் சுமை வேட்டையாடியின் மேல் விழுகிறது. பரணை விட்டு இறங்குவது அவ்வகை; தோற்றால் அவர் வெறுங்கையோடு திரும்புவார், மானுக்கு ஒரு நட்டமும் இல்லை. வேறு சிலவற்றின் சுமை மானின் மேல் விழுகிறது. துல்லியமும் வேகமும் குறைந்த கருவியை எடுப்பது இவ்வகை. அதன் தோல்வி, குறி தவறி ஊனில் தைத்த அம்பாக முடியக்கூடும். முதல் வகைத் தடையை நியாயம் என்று சொல்லலாம். இரண்டாவது வகைக்கு அந்தப் பெயர் தானாகப் பொருந்திவிடாது. தரைநடை, மரபு வில் இரண்டையும் ஒரே மூச்சில் புகழும் எழுத்துகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

5. காயம்: சான்றும் கணக்கும்

கூர்மையான அம்பு இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் சென்றால் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். குறி பிசகினால் நிலைமை வேறு. இது குறித்த கள ஆய்வுகளுள் மரபு வில்லை நேரடியாகத் தொடுவது ஓக்லஹோமாவின் மெக்அலெஸ்டர் இராணுவ வெடிமருந்துக் கிடங்கு வளாகத்தில் நடந்தது. அங்கே மான் வேட்டைக்கு மரபு வில்லை மட்டுமே அனுமதிக்கிறார்கள். 1990-களின் நடுவில் ஸ்டீபன் டிச்காஃபும் குழுவினரும் 80 ஆண் மான்களுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து வேட்டைப் பருவங்களில் கண்காணித்தனர். அம்பு பட்டவை 22. அவற்றுள் 11 மட்டுமே வேட்டையாடிகளின் கைக்கு வந்தன. தப்பிய பதினொன்றில் 3 பின்னர் இறந்தன, மற்றவை பிழைத்தன.

மேரிலாந்தின் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில் காம்பவுண்ட் வில்லும் குறுக்குவில்லும் கொண்டு நடந்த வேட்டைகளைப் பற்றி 2008-இல் வெளிவந்த ஆய்வு, அம்பு பட்டும் கைக்கு வராத மான்கள் 18 விழுக்காடு என்கிறது. ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த எண்களை அவசரமாக அடுத்தடுத்து வைக்கக் கூடாது. மெக்அலெஸ்டர் ஆய்வின் அடிப்படை 22 மான்கள்தான். அது தரையில் நடந்தவரையும் பதுங்கி அமர்ந்தவரையும் தனித்தனியே பிரிக்கவும் இல்லை. காயம்பட்டவற்றுள் பெரும்பகுதி பிழைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனாலும் வலுக்குறைந்த கருவியின் செலவை மான் செலுத்துகிறது என்ற எதிர்த்தரப்பின் வாதத்தை இந்த எண்கள் வலுப்படுத்துகின்றன என்பதை மறுக்க முடியாது.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மரபு வில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 170 அடி வேகத்தில் போகிறது எனக் கொள்வோம். 20 கெஜம், அதாவது 60 அடியைக் கடக்க அதற்கு 0.35 நொடி ஆகும். நாண் அதிரும் ஓசை நொடிக்கு 1,100 அடிக்கு மேல் பாய்வதால் 0.05 நொடியில் மானை எட்டிவிடும். அம்பு வந்து சேர 0.3 நொடி மிச்சமிருக்கிறது. திடுக்கிட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். செயல்படத் தொடங்க 0.1 நொடி எடுத்துக்கொண்டது என்று வைத்தாலும், எஞ்சிய 0.2 நொடியில் புவியீர்ப்பின் வேகத்தில் அதன் உடல் சுமார் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நுரையீரலின் நடுவைக் குறிவைத்த அம்பு முதுகெலும்பை ஒட்டியோ அதற்கு மேலேயோ போய்விடும். வில்லாளியின் குறியில் ஒரு பிழையும் இல்லை. அம்பு போய்ச் சேர்ந்தபோது மான் அங்கே இல்லை.

இதே கணக்கை 10 கெஜத்துக்குப் போட்டால் மானுக்குக் கிடைப்பது மொத்தம் 0.15 நொடி. தொடக்கத் தாமதம் போக எஞ்சுவதில் உடல் ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும். நொடிக்கு 290 அடி வேகமுள்ள காம்பவுண்ட் வில்லுக்கு 20 கெஜத்தில் கிடைக்கும் விளைவும் ஏறக்குறைய இதுதான். தூரம் பாதியாகும்போது மானின் இறக்கம் பாதியாவதில்லை, ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மரபு வில்லுக்கும் நவீன வில்லுக்கும் இடையிலான இடைவெளியில் பெரும்பகுதியை அந்தப் பத்து கெஜம் ஈடுகட்டுகிறது.

இவை காற்றுத்தடையையும் மானின் மனநிலையையும் விட்டுவிட்ட தோராய எண்கள். ஏற்கெனவே மிரண்டு நிற்கும் மான் இன்னும் விரைவாகத் தாழும். அமைதியாக மேயும் மான் தாழாமலே இருக்கவும் கூடும். தரைவேட்டையின் உண்மையான இடர் இங்கேதான் உள்ளது. கண்மட்டத்தில் நிற்பவரை மான் பாதி உணர்ந்துவிட்ட நிலையில்தான் பல வாய்ப்புகள் அமைகின்றன. தலை தூக்கி, காதை முன்னே திருப்பி, தசை இறுகி நிற்கும் மான் பன்னிரண்டு கெஜத்தில் இருந்தாலும் அம்பு விடத்தக்கதன்று.

6. பார்வையாளர் இல்லாத அறம்

ஆக, வில்லின் குறையை நடை ஈடுசெய்ய முடியும். ஆனால் ஒரு நிபந்தனையின் பேரில். நெருங்கி வந்தும் சூழல் சரியில்லாதபோது அம்பை விடாமல் இருக்க வேண்டும். குறுக்கே ஒரு கிளை, திரும்பி நிற்கும் மார்பு, மிரண்ட கண், கூடுதலாக ஐந்து கெஜம் என இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நாணைத் தளர்த்திவிட வேண்டும். நாள் முழுதும் நடந்து கிடைத்த ஒரே வாய்ப்பை அவ்வாறு கைவிடுவது எளிதன்று. முறை கடினமாக ஆக, வாய்ப்பு அரிதாகிறது. வாய்ப்பு அரிதாக ஆக, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆசை கூடுகிறது. கடினமே அறத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவோர் காணத் தவறும் முரண் இது.

தம் விற்களைத் தாமே செதுக்கி மான் வேட்டைக்குச் சென்ற சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் இதன் அருகே வந்திருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 1949-இல் வெளியான நூலில், வேட்டையாடியின் செயலைப் பாராட்டவோ கண்டிக்கவோ காட்டில் பார்வையாளர் இல்லை என்றும், அவர் தம் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்றும் சுட்டுகிறார். விட்ட அம்புக்கு மானோ இரத்தத் தடமோ சாட்சியாக நிற்கும். விடாத அம்புக்குச் சாட்சி கிடையாது. இம்முறையின் அறம் முழுவதும் அந்தச் சாட்சியற்ற இடத்தில்தான் தங்கியிருக்கிறது.

இதற்கு எதிராக, மானைக் கொல்லாமலே நெருங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பலாமே என்று கேட்கலாம். இக்கேள்விக்கு இம்முறைக்குள்ளிருந்து பதில் இல்லை. அது வேட்டையே தேவையா என்ற பெரிய கேள்வியின் பகுதி. ஓநாயும் மலைச்சிங்கமும் ஏறக்குறைய துடைத்தழிக்கப்பட்ட கிழக்குப் பகுதியில் மான் தொகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் வேட்டையாடிகளிடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பணிக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது இம்முறைதான். தொகைக் கட்டுப்பாடு என்ற காரணத்தை இது தனக்குச் சாதகமாக இழுத்துக்கொள்ளவும் முடியாது.

7. முடிவுகள்

மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மரபு வில்லுடன் தரையில் நடக்கும் வெண்வால் மான் வேட்டை ஆதிமுறையின் தொடர்ச்சி அன்று. யாஹி நெருங்கல், ஆங்கில நெடுவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனவான் நெறி ஆகியவை கலந்த நவீனத் தேர்வு. இரண்டாவது, அது தானாகவே நியாயமானதும் அன்று. நடையின் சுமை மனிதன்மீது விழ, வில்லின் குறை மான்மீது விழுகிறது. மூன்றாவது, தூரத்தை உண்மையிலேயே சுருக்கி, பொருந்தாத வாய்ப்புகளைக் கைவிடும் வில்லாளியிடம் மட்டுமே அந்தக் குறை மானைவிட்டு மனிதனிடம் திரும்புகிறது. எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தலாம். எல்லாக் கைகளுக்கும் பொருந்துவதில்லை.

போப், அவருடைய வேட்டைத் தோழர் ஆர்தர் யங் ஆகியோரின் பெயரில் 1961-இல் உருவான கழகம், வில்லால் வீழ்த்திய மான்களின் கொம்புகளை அளந்து பதிவேட்டில் ஏற்றிவருகிறது. கொம்பின் அளவு மானின் வயதையும் உணவையும் மரபையும் சொல்லும்; வில்லாளியைப் பற்றி அது சொல்வது குறைவு. எத்தனை கெஜத்தில் எய்தார், அம்பு பட்டும் கைக்கு வராதவை எத்தனை என்ற இரண்டு எண்கள் பதிவேட்டில் ஏறட்டும். நியாயத்தின் பெயரால் கடினத்தைத் தேர்ந்தவர்கள் அந்தக் கணக்கைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.